முதல்ல கேளு, அப்புறம் பேசு

போன ஞாயிற்றுக்கிழமை காலை எதிர் பிளாக் பையன் கதவைத் தட்டினான். இந்தூரில் ஞாயிறு காலை என்றால் போஹாவும் ஜிலேபியும்தான். இந்த ஊருக்கு வந்து கால் நூற்றாண்டு ஆகியும் எங்கள் வீட்டுத் தங்கமணிக்கு அது செட் ஆகவில்லை. "அவலையும் இனிப்பையும் ஒண்ணா திங்கிற ஊரு" என்று சொல்லிக்கொண்டே இட்லித் தட்டை எடுத்துக்கொண்டிருந்தார்.

பையனுக்குச் சொந்த ஊர் திண்டுக்கல் பக்கம். பிறந்தது வளர்ந்தது எல்லாம் இங்கேதான். தமிழ் பேசுவான், எழுதத் தெரியாது (நம் வீட்டுப் பிள்ளைகள் எல்லாருக்கும் இதே கதைதானே). ஹாம் ரேடியோ தேர்வு எழுதி, போலீஸ் விசாரணை முடிந்து, மாதக்கணக்கில் காத்திருந்து, அந்த வாரம்தான் லைசென்ஸ் வந்திருந்தது. கையில் புத்தம் புதுசாக ஒரு சைனா வாக்கி டாக்கி.

"அங்கிள், இப்ப பாருங்க" என்றான். நான் வாயைத் திறப்பதற்குள் பட்டனை அமுக்கிவிட்டான். "ஹலோ, ஹலோ, யாராச்சும் இருக்கீங்களா?"

இருந்தார்கள். ஊர்ப் பெரியவர்கள் இரண்டு பேர் ஹிந்தியில் மூட்டுவலி மருந்து பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். பையன் பட்டனை விட்டதும் ஒரு நொடி அமைதி. பிறகு ஒருவர் மிகுந்த மரியாதையோடு, நடுவில் பேசியவர் யார், அவருடைய கால்சைன் என்ன என்று கேட்டார். பையன் செட்டை என் கையில் திணித்துவிட்டு இரண்டடி பின்னால் போய் நின்றான்.

நான் அவனைத் திட்டவில்லை. திட்டும் யோக்கியதை எனக்குக் கிடையாது. ஏன் என்று கடைசியில் சொல்கிறேன். "முதல்ல கேளுப்பா, அப்புறம் பேசு" என்று மட்டும் சொன்னேன். அவன் விடவில்லை. "ஏன் அங்கிள்? வாட்ஸாப்ல யாரும் கேட்டுட்டா பேசறாங்க?" என்றான். இட்லி ஆறும்வரை அவனுக்குச் சொன்ன கதைதான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், பொறுத்தருள்க.

ஹாம் ரேடியோவில் புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கும் நடைமுறைகள் கொஞ்சம்தான். அலைவரிசை காலியா என்று கேட்டுப் பார். உன் கால்சைனைச் சொல். சுருக்கமாகப் பேசு. எதிராளி முடித்ததும் ஒரு மூச்சு விட்டுவிட்டுப் பேசு, நடுவில் யாராவது அவசரமாக வரவேண்டியிருக்கலாம். நடந்ததைக் குறிப்பேட்டில் எழுதி வை. பார்ப்பதற்கு ஏதோ மேஜை நாகரிகம் மாதிரி இருக்கும். ஆனால் ஒவ்வொன்றுக்கும் பின்னால் யாரோ ஒருவர் கேட்காமல் பேசியதோ, பேசவேண்டியதைச் சரியாகச் சொல்லாமல் விட்டதோ இருக்கிறது.

டைட்டானிக்கை எல்லாரும் படமாகப் பார்த்திருப்பீர்கள். படம் அவ்வளவாகக் காட்டாத இடம் ஒன்று உண்டு, ரேடியோ அறை. 1912 ஏப்ரல் 14 இரவு. டைட்டானிக்கின் மூத்த ஆபரேட்டர் ஜாக் ஃபிலிப்ஸ். முந்தின நாள் செட் பழுதாகி, அதைச் சரிசெய்வதிலேயே மணிக்கணக்கில் போய்விட்டது. பயணிகளின் சொந்தத் தந்திகள் மலையாகக் குவிந்துவிட்டன. அமெரிக்கப் பக்கம் கேப் ரேஸ் நிலையத்துக்கு அவற்றை ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டிருந்தார் மனிதர்.

பக்கத்தில் கலிஃபோர்னியன் என்று இன்னொரு கப்பல். பனிக்கட்டிகள் சூழ்ந்ததால் என்ஜினை நிறுத்திவிட்டு நின்றுகொண்டிருந்தது. அதன் ஒரே ஆபரேட்டர் சிரில் எவன்ஸ். இரவு 11 மணி வாக்கில், நாங்கள் பனிக்கு நடுவில் நின்றுவிட்டோம் என்று டைட்டானிக்குக்குச் சொன்னார். கப்பல் பக்கத்தில் இருந்ததால் அவருடைய சிக்னல் ஃபிலிப்ஸின் காதைப் பிளந்திருக்கும். மெல்லிசாகக் கேட்டுக்கொண்டிருந்த கேப் ரேஸ் அதில் அமுங்கிப்போனது. ஃபிலிப்ஸ் எரிச்சலோடு, வாயை மூடு, நான் வேலையாக இருக்கிறேன் என்கிற மாதிரி பதில் அனுப்பினார். எவன்ஸ் இன்னும் கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, 11:30ஐத் தாண்டியதும் செட்டை அணைத்துவிட்டுப் படுக்கப் போனார். 11:40க்கு டைட்டானிக் மோதியது.

இதில் யார் தப்பு என்று நூறு வருஷத்துக்கும் மேலாகப் பேசிக்கொண்டிருக்கிறார்கள். ஃபிலிப்ஸ் கேட்கவில்லை, அது ஒரு தப்பு. ஆனால் ஹாம் கண்ணோடு பார்த்தால் எவன்ஸ் பக்கமும் ஒன்று இருக்கிறது. கேப்டனிடம் போய்ச் சேரவேண்டிய செய்திக்கு முன்னால் அதற்கென்று ஒரு குறியீடு போட வேண்டும், எம்.எஸ்.ஜி. என்று. அது வந்தால் ஆபரேட்டர் செய்தியைக் கேப்டனிடம் சேர்த்தே ஆகவேண்டும். எவன்ஸ் அதைப் போடவில்லை. அறைத் தோழனிடம் அரட்டை அடிக்கிற தொனியில் ஆரம்பித்தார். அரட்டை என்று நினைத்துத்தான் ஃபிலிப்ஸ் அவரைத் துரத்தினார். உயிர் போகிற விஷயத்தை ஊர்க்கதை மாதிரி சொன்னால் ஊர்க்கதையாகத்தான் எடுத்துக்கொள்வார்கள்.

இன்னொரு பக்கம் கார்பேத்தியா கப்பலின் ஹரால்ட் காட்டம். அவரும் படுக்கப் போகிற நேரம்தான். உடை மாற்றிக்கொண்டே, ஹெட்ஃபோனைக் கழற்றாமல் காதில் வைத்திருந்தார். கேப் காட் நிலையத்தில் உங்களுக்குத் தந்திகள் காத்திருக்கின்றன என்று டைட்டானிக்குக்குச் சொல்லலாமே என்று கூப்பிட்டார். பதிலுக்கு வந்தது ஆபத்து அழைப்பு. 700க்கும் மேற்பட்டவர்கள் பிழைத்தது அந்த ஹெட்ஃபோனால்.

இதற்குப் பிறகுதான் பெரிய கப்பல்களில் 24 மணி நேரமும் யாராவது கேட்டுக்கொண்டிருக்க வேண்டும் என்ற விதி வந்தது. பின்னாளில் இன்னொரு அழகான ஏற்பாடும் வந்தது. பழைய கப்பல்களின் ரேடியோ அறைக் கடிகாரத்தைப் பார்த்திருக்கிறீர்களா? முகப்பில் கால் மணியிலும் முக்கால் மணியிலும் தொடங்கி மும்மூன்று நிமிடம் சிவப்பாகப் பட்டை அடித்திருக்கும். அந்த நிமிடங்களில் 500 கிலோஹெர்ட்ஸில் யாரும் பட்டனைத் தொடக்கூடாது. உலகத்துக் கடல் முழுக்க, மணிக்கு இரண்டு தடவை, எல்லாரும் வாயைப் பொத்திக்கொண்டு காதைத் தீட்டிக்கொள்வார்கள். மெல்லிசாக எங்காவது ஒரு குரல் கேட்கிறதா என்று பார்க்க. செயற்கைக்கோள் வழி ஏற்பாடு 1999ல் முழுமையாக வந்தபிறகுதான் இது வழக்கொழிந்தது.

டைட்டானிக் விஷயத்தில் நம் ஜாதிக்காரர்களும் (ஹாம்களைச் சொன்னேன், சண்டைக்கு வராதீர்கள்) வாங்கிக் கட்டிக்கொண்டார்கள். விபத்துக்கு மறுநாள், பயணிகள் அனைவரும் நலம், கப்பலை இழுத்து வருகிறார்கள் என்று பத்திரிகைகளில் தவறான செய்தி வந்தது. அலைவரிசையில் அத்தனை பேர் ஒன்றாகக் கத்தியதில் செய்திகள் ஒன்றோடொன்று கலந்துவிட்டன, அதற்குக் காரணம் அமெச்சூர்கள் என்று பழி விழுந்தது. அதே ஆண்டு ஆகஸ்டில் அமெரிக்காவில் சட்டம் போட்டார்கள். இனி லைசென்ஸ் வேண்டும், அமெச்சூர்கள் 200 மீட்டருக்குக் கீழே உள்ள சிற்றலைக்குப் போய்விட வேண்டும். அந்த அலைகள் ஒன்றுக்கும் உதவாது என்று அப்போது எல்லாரும் நம்பினார்கள். ஊருக்கு வெளியே புறம்போக்கில் இடம் கொடுத்த மாதிரி.

அந்தப் புறம்போக்கில்தான் புதையல் இருந்தது. 1923 நவம்பரில் சுமார் 110 மீட்டர் அலையில் அமெரிக்காவின் ஃபிரெட் ஷ்நெல்லும் பிரான்சின் லியோன் டெலாயும் அட்லாண்டிக்கைத் தாண்டி இருவழியாகப் பேசினார்கள். அடுத்த ஆண்டு அக்டோபரில் நியூசிலாந்தின் ஃபிராங்க் பெல்லும் லண்டன் மில் ஹில் பள்ளி மாணவர் செசில் கோய்டரும் பேசினார்கள், உலகத்தின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும். இதெல்லாம் கத்தி சாதித்தது இல்லை. இரவெல்லாம் கேட்டுக் கேட்டு சாதித்தது. வாட்டைக் கூட்டுவதைவிடக் காதைக் கூர்மையாக்குவது மலிவு என்று அன்றைக்கே கண்டுகொண்டார்கள்.

நம்ம ஊருக்கு வருவோம். இந்தியாவில் முதல் அமெச்சூர் நிலையம் கல்கத்தாவில், 1921ல், அமரேந்திர சந்திர குப்தாவுடையது. பின்னாலேயே முகுல் போஸ். சென்னைக்காரர்களும் சளைத்தவர்கள் இல்லை. சி.வி. கிருஷ்ணசாமி செட்டியாரும் நண்பர்களும் 1924ல் மெட்ராஸ் பிரசிடென்சி ரேடியோ கிளப்பை ஆரம்பித்து, ஜூலை 31 முதல் ஒலிபரப்பே செய்தார்கள். 1927ல் காசில்லாமல் நின்றுபோய், டிரான்ஸ்மிட்டரை மாநகராட்சிக்குக் கொடுத்துவிட்டார்கள். மாநகராட்சி 1930 ஏப்ரலிலிருந்து தானே ஒலிபரப்ப ஆரம்பித்தது. ஆக, ஆல் இந்தியா ரேடியோவுக்கு முன்பே சென்னைக்கு வானொலி உண்டு, அதுவும் ஆர்வலர்கள் போட்ட பிள்ளையார் சுழி.

1939ல் உலகப் போர் வந்ததும் லைசென்ஸ்களை ரத்து செய்து, டிரான்ஸ்மிட்டர்களை ஒப்படைக்கச் சொல்லிவிட்டது பிரிட்டிஷ் அரசு.

இந்த இடத்தில் பையன் நிமிர்ந்து உட்கார்ந்தான். "உஷா மேத்தா! படம் பார்த்தேன் அங்கிள்." 2024ல் வந்த ஹிந்திப் படத்தைச் சொல்கிறான். 1942 ஆகஸ்ட் புரட்சியில் தலைவர்கள் எல்லாரும் சிறையில் இருக்க, 22 வயது உஷா மேத்தாவும் நண்பர்களும் பம்பாயில் ரகசியமாக நடத்திய காங்கிரஸ் ரேடியோ. அதற்குத் தொழில்நுட்பம் தெரிந்த ஆள் நரிமன் பிரிண்டர், அமெச்சூர் ரேடியோக்காரர். 42.34 மீட்டரில், இந்தியாவில் எங்கிருந்தோ பேசுகிறோம் என்று அறிவித்துக்கொண்டு ஒலித்தது அது.

அதில் ஒரு பாடம் இருக்கிறது, நம் கதைக்குத் தலைகீழான பாடம். கேட்டுக்கொண்டு மட்டும் இருக்கும் ஒருவனை யாராலும் கண்டுபிடிக்க முடியாது. பட்டனை அமுக்கிய நொடி, திசை காட்டும் ஏரியல் வைத்திருப்பவனுக்கு நீ எங்கே இருக்கிறாய் என்று தெரிந்துவிடும். எவ்வளவு நேரம் பேசுகிறாயோ அவ்வளவு அருகில் வருவான். அதனால்தான் அவர்கள் ஒலிபரப்பைச் சுருக்கமாக வைத்துக்கொண்டு வீடு வீடாக மாறிக்கொண்டிருந்தார்கள். ஆனால் கடைசியில் ஏரியல் மட்டும் காட்டிக்கொடுக்கவில்லை, உள்ளே இருந்த ஆளே காட்டிக்கொடுத்தார். நவம்பர் 12 அன்று போலீஸ் வந்தது.

"லைசென்ஸ் இல்லாம பேசினாங்களா அங்கிள்?"

"ஆமா. அதுக்கு உஷா மேத்தா நாலு வருஷம் தண்டனை வாங்கினாங்க."

சுதந்திர இந்தியாவிலும் ஹாம் லைசென்ஸுக்குப் போலீஸ் விசாரணை, உள்துறை அனுமதி என்று இவ்வளவு கெடுபிடி இருப்பதன் வேர் அந்தக் காலத்துப் பயத்தில் இருக்கிறது என்பது என் எண்ணம். யார் பேசுகிறார்கள், எங்கிருந்து, எவ்வளவு நேரம் என்று அரசாங்கத்துக்குத் தெரிந்தாக வேண்டும். கால்சைனும் குறிப்பேடும் கட்டாயமானதன் ஒரு பக்கம் அது. நம்மைப் போல ஊர் ஊராக மாற்றல் வாங்கிக்கொண்டு அலைகிறவர்களுக்கு இது தனி ரோதனை. நிலையத்தின் முகவரியும் லைசென்ஸில் ஏறியிருக்க வேண்டும். வீடு மாறினால் கேஸ் இணைப்பு, பிள்ளைகளின் பள்ளி, அதோடு ஏரியல் என்று எழுதிப் போட வேண்டும்.

எங்கள் இந்தூர்க்காரர்கள் காலரைத் தூக்கிவிட்டுக்கொள்ள ஒன்று இருக்கிறது. இங்கிருந்து 25 கிலோமீட்டருக்குள் இருக்கும் மௌ, அம்பேத்கர் பிறந்த ஊர். அங்கே ராணுவத்தின் சிக்னல்ஸ் பள்ளியில்தான் 1948 மே 15 அன்று அமெச்சூர் ரேடியோ கிளப் ஆஃப் இந்தியா தொடங்கியது. அப்போது நாடு முழுக்க ஹாம்கள் 50 பேர், அதிலும் செயலில் இருந்தவர்கள் ஒரு டஜன். பிறகு டில்லிக்குப் போய் 1954ல் அமெச்சூர் ரேடியோ சொசைட்டி ஆஃப் இந்தியா என்று பெயர் மாறியது. சிக்னல்ஸ்காரர்கள் தொட்டிலில் போட்ட குழந்தை என்பதாலோ என்னவோ, இந்திய ஹாம்களிடம் இன்றைக்கும் ஒரு ராணுவ ஒழுங்கு உண்டு. சில சமயம் எரிச்சலூட்டும் அளவுக்கு.

அந்த ஒழுங்கில் நானும் வளர்ந்தேன். 2002ல் இரண்டாம் கிரேடு லைசென்ஸ் வாங்கினேன். நிமிடத்துக்கு 5 வார்த்தை மோர்ஸ். லைசென்ஸ் கையில் வந்தால் உடனே மைக்கைப் பிடித்துவிட முடியாது. மோர்ஸில் 100 பேரைத் தொடர்புகொண்டு, அதற்கான அத்தாட்சியைக் காட்டினால்தான் சிற்றலையில் குரலில் பேச விடுவார்கள். அப்போது அதைத் திட்டாத நாளில்லை. 100 தொடர்புக்கு எனக்கு ஒன்றரை வருஷத்துக்கு மேல் பிடித்தது. இன்றைக்கு யோசித்தால், அது பேசுவதற்கான பயிற்சி இல்லை, கேட்பதற்கான பயிற்சி. மோர்ஸில் எதிராளி அனுப்பும் ஒவ்வொரு எழுத்துக்கும் காதைக் கொடுத்தே ஆகவேண்டும். வேறு வழியே கிடையாது. 2004 நடுவில் குரல் அனுமதி வந்தது. ஆறு மாதத்தில் அத்தனை பயிற்சியையும் காற்றில் விட்டேன்.

இங்கே அந்தமானைப் பற்றிச் சொல்ல வேண்டும். 1987க்குப் பிறகு அந்தத் தீவுகளிலிருந்து யாரும் ஹாம் ரேடியோவில் பேசியதில்லை. பாதுகாப்புக் காரணங்களால் அனுமதி கிடைக்காது. அதனால் உலகத்து ஹாம்களுக்கெல்லாம் அந்தமான் என்றால் நாக்கில் ஜலம். ஹைதராபாத் தேசிய அமெச்சூர் ரேடியோ நிறுவனத்தின் முயற்சியில் 2004 டிசம்பர் மாதத்துக்கு அனுமதி கிடைத்தது. டில்லியில் வசிக்கும் இல்லத்தரசி பாரதி பிரசாத் தலைமையில் ஒரு சிறு குழு போர்ட் பிளேர் போனது (2024 முதல் அந்த ஊரின் பெயர் ஸ்ரீ விஜய புரம்). ஹோட்டல் அறையில் செட், மாடியில் ஏரியல். விக்டர் யூனிஃபார்ம் 4 ரோமியோ பிராவோ இந்தியா என்ற கால்சைன் கேட்டதுமே தேன்கூட்டில் கல்லெறிந்த மாதிரி உலகமே மேலே விழுந்தது. அதை எங்கள் பாஷையில் பைல் அப் என்போம்.

பைல் அப்பில் பிழைக்க ஒரு தந்திரம் உண்டு, அதுவும் காது சம்பந்தப்பட்டதுதான். அந்தப் பக்கம் பேசுகிறவர் தான் பேசும் அலைவரிசையில் கேட்கமாட்டார். கொஞ்சம் மேலே தள்ளிக் கேட்பார். எங்கே கேட்கிறார் என்று அவரே நடுநடுவே சொல்வார். காது கொடுத்தவன் அங்கே போய் ஒரே தடவை கால்சைனைச் சொல்லித் தொடர்பை வாங்கிக்கொண்டு போவான். காது கொடுக்காதவன் அவர் தலைமேலேயே கத்திக்கொண்டிருப்பான், மற்றவர்கள் அவனைத் திட்டிக்கொண்டிருப்பார்கள்.

டிசம்பர் 26, ஞாயிறு. காலை ஆறரை மணிக்கு ஒரு நிமிடம் முன்னால் சுமத்ரா பக்கம் கடலடியில் பூமி பிளந்தது. பாரதி அப்போது ஆன் ஏரில் இருந்தார். நில அதிர்வு என்று மைக்கில் சொல்லிவிட்டு வெளியே ஓடினார். தீவுகளின் தொலைபேசியும் மின்சாரமும் போன நிலையில், உலக ஹாம்களின் பொழுதுபோக்குக்காகப் போன அந்த நிலையம் தீவுகளுக்கும் வெளியுலகுக்கும் இடையே செய்தி போகும் வழியாக ஆனது. முந்தின நாள் வரை அவரோடு ஒரு தொடர்புக்காக அடித்துக்கொண்டவர்கள் அந்த அலைவரிசையை விட்டு விலகி நின்றார்கள். குழுவிலிருந்து கார் நிக்கோபாருக்கும் போய் இன்னொரு நிலையம் அமைத்தார்கள்.

நான் அன்றைக்கு வீட்டில்தான் இருந்தேன். டிவியில் மெரினா, நாகப்பட்டினம், வேளாங்கண்ணி என்று மாற்றி மாற்றிக் காட்டிக்கொண்டிருந்தார்கள். என் சின்ன அத்தை குடும்பம் போர்ட் பிளேரில். மாமா அபர்டீன் பஜாரில் பலசரக்குக் கடை வைத்திருந்தார். போன் போகவில்லை. தூத்துக்குடியிலிருந்து அப்பா அரை மணிக்கொரு தடவை கூப்பிட்டு, "உன்கிட்டதான் ரேடியோ இருக்கே, கேளேன்டா" என்கிறார். அப்பாவுக்கு நான் அந்தப் பெட்டியை வைத்துக்கொண்டு என்ன செய்கிறேன் என்று அதுவரை புரிந்ததே இல்லை. அன்றைக்குத்தான் அது முதல் தடவையாக அவருக்குப் பயனுள்ள சாமானாகத் தெரிந்தது.

மேலே போய் செட்டைப் போட்டு 20 மீட்டருக்குத் திருப்பினேன். சில குரல்கள் பலமாக, சில குரல்கள் நூலிழை மாதிரி. போர்ட் பிளேர் என்ற சொல் காதில் விழுந்தது. அவ்வளவுதான், அமுக்கிவிட்டேன். கால்சைன் சொன்னேனா என்றுகூட நினைவில்லை. அபர்டீன் பஜாரில் ஒரு பலசரக்குக் கடை, எங்கள் அத்தை வீடு, என்ன ஆயிற்று என்று விசாரித்துச் சொல்லுங்கள் என்று மூச்சுவிடாமல் பேசினேன். அத்தையின் முழுப்பெயரைச் சொல்லவில்லை. மாமா பெயரைச் சொல்லவில்லை. யாரைக் கூப்பிடுகிறேன் என்பதையும் சொல்லவில்லை.

விட்டதும் ஒரு கனமான குரல் ஆங்கிலத்தில் வந்தது. மூத்தவர் ஒருவர். கோபம் இல்லை, அதுதான் இன்னும் மோசம். நீங்கள் ஒரு நிலையத்தின்மேல் பேசிவிட்டீர்கள், தயவுசெய்து காத்திருங்கள் என்றார். பிறகு அந்த நூலிழைக் குரலைக் கூப்பிட்டு, செய்தியை முதலிலிருந்து சொல்லச் சொன்னார். பதில் வரவில்லை. மறுபடி கூப்பிட்டார். மறுபடி. சிற்றலை அப்படித்தான், வந்துகொண்டிருக்கும் சிக்னல் சட்டென்று அமுங்கிவிடும். எத்தனை நிமிடம் கழித்து அந்தக் குரல் திரும்ப வந்தது என்று நான் மணி பார்க்கவில்லை. வந்தபோதும் எனக்குச் சரியாகப் புரியவில்லை. நான் அமுக்கிய அந்த இருபது முப்பது வினாடியில் அந்த மனிதர் என்ன சொல்லிக்கொண்டிருந்தார் என்பது இன்று வரை எனக்குத் தெரியாது.

எவன்ஸ் கதையைப் படித்தவன், நண்பர்களுக்குச் சொல்லிக் கைதட்டல் வாங்கியவன் நான். அன்றைக்கு எவன்ஸும் நான்தான், ஃபிலிப்ஸும் நான்தான்.

அதற்குப் பிறகு மூன்று நாள் மைக் கம்பியைக் கழற்றி அலமாரியில் வைத்துவிட்டு, விடுப்பு போட்டுக் கேட்டுக்கொண்டிருந்தேன். தங்கமணி சாப்பாட்டை மேலேயே கொண்டுவந்து வைத்தார், ஒன்றும் கேட்கவில்லை. மின்வெட்டில் கார் பேட்டரியை இழுத்துக் கொடுத்தேன். அப்போது ஒன்று உறைத்தது. 100 வாட் செட் கேட்கும்போது ஒன்றிரண்டு ஆம்பியர்தான் இழுக்கும். பேசும்போது 20 ஆம்பியர். ஒரு பேட்டரியை வைத்துக்கொண்டு பேசிக்கொண்டே இருந்தால் கொஞ்ச நேரத்தில் தீர்ந்துவிடும், கேட்டுக்கொண்டிருந்தால் நாள் கணக்கில் ஓடும். மின்சாரமில்லாத தீவில் உட்கார்ந்திருப்பவரை நாம் ஒரு தடவை கூடுதலாக ரிபீட் கேட்டால், அவர் பேட்டரியில் அவ்வளவு போகிறது. சுருக்கமாகப் பேசு என்பதை அதுவரை நாகரிகம் என்றே நினைத்திருந்தேன்.

அத்தையின் போன் ஐந்தாம் நாள் சாயங்காலம் அப்பாவுக்கு வந்தது. எல்லாரும் நலம். பயத்தில் மேட்டுப் பக்கம் ஒரு பள்ளி மைதானத்தில் நாலு இரவு படுத்திருந்திருக்கிறார்கள். கடையில் மாமா அடுக்கி வைத்திருந்த எண்ணெய் டப்பாக்கள் அதிர்வில் விழுந்து உடைந்ததுதான் நஷ்டம். என் ரேடியோவுக்கும் இதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை என்பதை அப்பாவிடம் சொல்லவில்லை. ஊரில் எல்லாரிடமும், "எம் மவன் ரேடியோவுல கேட்டுச் சொன்னான்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். கடைசி வரை அப்படியே விட்டுவிட்டேன்.

பையன் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். பிறகு, "இப்ப நான் என்ன அங்கிள் பண்ணணும்?" என்றான்.

ஒரு பழைய நோட்டையும் பேனாவையும் கொடுத்தேன். பெரியவர்கள் இரண்டு பேரும் மூட்டுவலியிலிருந்து சர்க்கரைக்கு வந்திருந்தார்கள். நாற்பது நிமிடம் கேட்டான். யார் யாரைக் கூப்பிடுகிறார்கள், எங்கே நிறுத்துகிறார்கள் என்று ஆங்கிலத்தில் கிறுக்கிக்கொண்டிருந்தான். இட்லி இரண்டாம் ஈடும் முடிந்தது. அவர்கள் ஒருவருக்கொருவர் செவன்டி த்ரீ சொல்லி விடைபெற்ற பிறகு என்னைப் பார்த்தான். இன்னும் கொஞ்சம் பொறு என்று கைகாட்டினேன். அலைவரிசை யாருக்காவது வேண்டுமா என்று ஒரு தடவை கேட்டான். நிறுத்தினான். பிறகுதான் தன் கால்சைனை எழுத்து எழுத்தாக, நிதானமாகச் சொன்னான்.

மூட்டுவலிப் பெரியவர் உடனே பதில் கொடுத்தார், அங்கேயே காத்துக்கொண்டிருந்த மாதிரி. பையனின் பெயரை மூன்று தடவை திரும்பச் சொல்லச் சொன்னார். பிறகு, உன் சிக்னல் ஃபைவ் நைன், பிரமாதமாகக் கேட்கிறது பேட்டா என்றார்.